வீதிகளுக்கு நிழல் தந்த பொறியியலாளர்: அடோல்ஃப் அல்ஃபான்

சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் எமது பாடசாலையின் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீதியோர மரங்களின் அடியில் வட்டமாக இரும்புத் தட்டி பதித்திருப்பது ஏன் என்று எம்மிடம் வினவினாள். மரம் ஓடிவிடாமல் இருப்பதற்காக என்று பக்கத்திலிருந்த மாணவன் பகிடி செய்தான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எமக்கோ உடனடியாக விடை கூற இயலவில்லை. பல ஆண்டுகளாக அத்தட்டிகளின் மேல் நடந்தே வேலைக்கும் பாடசாலைக்கும் சென்றுவந்த நாம் ஒருநாளேனும் குனிந்து பார்த்ததில்லை. தாயகத்தில் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், தெரியாத ஒன்றைத் தெரியாது என்று மாணவரிடம் ஒப்புக்கொண்டு மறுவாரம் விடையுடன் வருவதை வழக்கமாகக் கொண்டிருந்தோம். அவ்வழக்கத்தை இங்கும் கைவிடவில்லை. நூலகத்தில் அந்த இரும்புத் தட்டியைப் பற்றித் தேடிச் சென்றபோதே, ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு எமக்குக் கிடைத்தது. அதனையே இம்மலரில் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் கூற விழைகின்றோம்.

ஜோன்-ஷார்ல் அடோல்ஃப் அல்ஃபான் 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 26ஆம் நாள், அல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த கிரனோபிள் நகரிலே பிறந்தார். கணிதத்திற் சிறந்து விளங்கிய அவர் 1835இல் பாரிஸ் நகரின் எக்கோல் பொலிதெக்னிக் என்னும் உயர்கல்லூரியிற் சேர்ந்தார். பின்னர் பாலங்களும் வீதிகளும் அமைக்கும் கலையைப் போதிக்கும் அரச கல்லூரியிற் பயின்று பொறியியலாளர் ஆனார். அவர் தோட்டக்கலை கற்றவர் அல்லர் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நீர்மட்டம், மண்ணின் தாங்குவலு, குழாய், மதகு ஆகியவையே அவர் அறிந்த கல்வி. பிற்காலத்தில் மரங்களைக் காப்பாற்றியதும் அந்தக் கல்வியே.

இளம் பொறியியலாளராகப் போர்தோ நகரிற் பணியமர்ந்த அவர், துறைமுகம், புகையிரதப் பாதை முதலிய வேலைகளிற் பல ஆண்டுகளைக் கழித்தார். 1851ஆம் ஆண்டில் ஓஸ்மான் என்பவர் அந்த மாவட்டத்தின் அரச அதிபராக வந்து சேர்ந்தார். மறு ஆண்டில், விரைவிலே மூன்றாம் நெப்போலியன் என்னும் பெயரிற் பேரரசராக முடிசூட இருந்த லூயி நெப்போலியன் போர்தோவுக்கு வருகை தந்தபோது, நகரை அலங்கரிக்கும் பொறுப்பு அல்ஃபானிடம் ஒப்படைக்கப்பட்டது. சொன்ன நாளில், சொன்னபடி, குழப்பமின்றி வேலையை முடித்துக் கொடுத்த அந்த இளைஞரை ஓஸ்மான் மறக்கவில்லை. 1853இல் ஓஸ்மான் பாரிஸ் நகரை ஆளும் அதிபராக உயர்ந்தார். 1854ஆம் ஆண்டின் இறுதியில் அல்ஃபானைத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டார். அப்போது அல்ஃபானுக்கு வயது முப்பத்தேழு.

அன்றைய பாரிஸ் நாம் இன்று காணும் நகரம் அன்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் இருண்ட முற்றங்களிலும் நெருக்கமாக வாழ்ந்தனர். 1832இலும் 1849இலும் பரவிய வாந்திபேதி பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. இளமையில் லண்டனிலே அகதியாக வாழ்ந்த மூன்றாம் நெப்போலியன், அந்நகரின் விசாலமான பூங்காக்களைக் கண்டு, அவைபோல் பாரிஸிலும் வேண்டும் என ஆசை கொண்டிருந்தார். அகதியாக அலைந்த ஒருவர் அடைக்கலம் தந்த நாட்டிலிருந்து எதைக் கற்றுக்கொண்டு திரும்பினார் என்பது எமக்குச் சுவையான செய்தியாகவே பட்டது. அவர் ஆணையின்படி ஓஸ்மான் பழைய நகரை ஊடறுத்து அகன்ற வீதிகளை வெட்டத் தொடங்கினார்.

அல்ஃபானுக்குக் கிடைத்த முதல் வேலை மரத்தைப் பற்றியதன்று, தண்ணீரைப் பற்றியது. நகரின் மேற்கேயுள்ள புவா து புலோஞ் என்னும் வனத்தை மக்கள் உலாவும் சோலையாக மாற்றும் பணியை வரே என்னும் தோட்டக்கலைஞர் ஏற்கனவே தொடங்கியிருந்தார். லண்டனில் உள்ளதைப் போன்று வளைந்தோடும் நீண்ட நீர்நிலை ஒன்று அங்கே அமைய வேண்டும் என்பது பேரரசரின் விருப்பம். கிடங்கு தோண்டியபின்பே தவறு தெரியவந்தது. நிலம் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தமையால், நீரை விட்டால் ஒரு முனை வரண்டும் மறுமுனை நிரம்பி வழிந்தும் போயிருக்கும். வரே பதவி இழந்தார். அல்ஃபான் மட்டக்கோல் கொண்டு நிலத்தை அளந்தார். ஒரே ஏரியாக அமைக்க எண்ணியதை மேலேரி, கீழேரி என இரண்டாகப் பிரித்தார். இரண்டுக்கும் இடையே உள்ள உயர வேறுபாட்டை ஒரு சிறு நீர்வீழ்ச்சியாக மாற்றினார். இன்று விடுமுறை நாட்களிற் படகு வலிக்கும் எம் பிள்ளைகள், ஒரு பிழையைத் திருத்தியதனால் உண்டான ஏரியிலேயே படகு வலிக்கின்றனர்.

இனி வீதி மரங்களுக்கு வருவோம்.

பாரிஸில் வீதியோரம் மரம் நடும் வழக்கத்தை அல்ஃபான் தோற்றுவித்தார் என்று கூறுவது தவறு. 1616இலேயே அரசி மரி த மெதிசி, சேன் நதிக்கரையில் மரவரிசைகளுடன் கூடிய உலாவீதி ஒன்றை அமைப்பித்தார். 1670 முதல், பதினான்காம் லூயி மன்னன் பழைய நகரமதில்களை இடித்து, அந்த இடத்திலே மரங்கள் அடர்ந்த புல்வார்களை உருவாக்கினான். ஆயின் அம்மரங்கள் நெடுநாள் வாழ்ந்தனவா? 1830ஆம் ஆண்டுப் புரட்சியின்போது அவற்றை வெட்டி வீதித் தடைகள் ஆக்கினர். மீண்டும் நட்டனர். 1848ஆம் ஆண்டுப் புரட்சியில் மீண்டும் வெட்டினர். வெட்டுப்படாதவையும் சேறும் கழிவுநீரும் வண்டிச் சக்கரங்களும் பட்டு மெலிந்து நின்றன. மரம் நடுவது அரசர்களுக்கு எளிதாக இருந்தது. நட்ட மரத்தை நகரத்தின் நடுவே உயிருடன் வைத்திருப்பதற்கு யாரும் வழி கண்டிருக்கவில்லை.

ஊரிலே தென்னம்பிள்ளை வைப்போர் முதலிற் கிடங்கு வெட்டுவர், எருவும் நல்ல மண்ணும் இடுவர், பாத்தி கட்டித் தண்ணீர் வார்ப்பர், மாடு கடிக்காதபடி அடைப்பர். பாரிஸ் வீதியிலே இவற்றுள் எதுவும் இயல்பாகக் கிட்டாது. நிலத்தின் கீழே பழைய கட்டடங்களின் இடிபாடு நிறைந்திருக்கும். மேலே கற்களும் தாரும் காற்றையும் மழையையும் தடுத்துவிடும். அக்காலத்தில் வீதி விளக்குகள் எரிவாயுவால் எரிந்தன. நிலத்தடிக் குழாய்களிலிருந்து கசியும் வாயு வேர்களைக் கொன்றது. எனவே நகரத்து மரம் பெரும்பாலும் மண்ணுக்குக் கீழே, எவர் கண்ணிலும் படாமலே இறந்துபோயிற்று. இதனை ஒரு பொறியியலாளரின் கண்ணோடு நோக்கியமையே அல்ஃபான் செய்த முதற் காரியம்.

அவர் வகுத்த முறையைச் சற்று விரிவாகவே கூறுவோம். முதலில், எல்லா வீதிகளிலும் மரம் நட அவர் இணங்கவில்லை. குறைந்தது 26 மீற்றர் அகலமுள்ள வீதிகளிலேயே இருமருங்கும் ஒவ்வொரு வரிசை. 36 மீற்றருக்கு மேற்பட்டவற்றிலேயே இரட்டை வரிசைகள். ஒடுங்கிய வீதியில் நட்டால் வீடுகளுக்கு வெளிச்சம் கெடும், கிளைகள் சுவரை உரசும், பின்னர் வெட்ட நேரும் என்பது அவர் கணக்கு. அடுத்து, மரம் நிற்கவேண்டிய இடத்திலுள்ள கல்லும் இடிபாடும் கலந்த மண்ணை அகற்றி, அகலமும் ஆழமுமான கிடங்குகளில் வெளியிலிருந்து கொணர்ந்த நல்ல மண்ணை நிரப்பினார். அந்த மண்ணினுள், வேர்களைச் சுற்றி, சுட்ட மண்ணாலான குழாய்களைப் பதித்தார். தண்ணீர் அவ்வழியே வேருக்குச் சென்றது, காற்றும் அவ்வழியே சென்றது. எரிவாயுக் குழாய்களிலிருந்து கசியும் வாயு வேர்களைச் சேராமல் விலகிப்போக வழிசெய்யப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலே, நடைபாதையின் மட்டத்தில், அந்த வட்ட இரும்புத் தட்டி அமைந்தது. மக்கள் மேலே நடக்கலாம், மண் மிதிபட்டு இறுகாது. மழைநீர் துளைகளினூடே இறங்கும், வேர் மூச்சு விடும். எம் மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுதான். மரத்தின் அடியிலே ஒரு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கின்றார்கள்.

இளமரங்களைச் சுற்றி நிற்கும் இரும்புக் கூடுகளும், மரவரிசையின் இடையே உள்ள கரும்பச்சை வாங்குகளும் அதே காலத்தவை. அவற்றைக் கட்டடக் கலைஞர் தவியூ வரைந்து கொடுத்தார். தோட்டக்கலையின் நுட்பங்களை அறிந்தவர் பரிய்யே-தெஷான். அவரை அல்ஃபான் போர்தோவிலிருந்தே அழைத்து வந்திருந்தார். தமக்குத் தெரியாத துறையில் அதனைத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் குணம் அல்ஃபானிடம் இருந்தது. பரிய்யே-தெஷான் முன்பு குற்றம் புரிந்த சிறுவர்களுக்கான குடியிருப்பு ஒன்றில் தோட்டவேலை கற்பித்தவர் என்பதை ஆசிரியர்களாகிய நாம் இங்கே குறிப்பிடாமல் விடுதல் முறையன்று.

வளர்ந்த மரங்களை வேரோடும் மண்ணோடும் தோண்டியெடுத்துக் கொண்டுசெல்வதற்கென்று தனி வண்டில்கள் செய்யப்பட்டன. மரத்தை நிமிர்ந்த நிலையிலேயே இரு சக்கரத் தொகுதிகளுக்கு இடையில் தொங்கவிட்டு, குதிரைகள் பூட்டி இழுத்துச் சென்றனர். முப்பது ஆண்டு வரை வளர்ந்த மரங்களும் இவ்வாறு இடம் மாறின. வீதியிலே மரம் ஊர்வலம் போவதைக் கண்ட அக்காலப் பாரிஸ் மக்கள் எவ்வாறு வியந்திருப்பர்! தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், தெய்வத்தின் இடத்தில் ஒரு மரம்.

எம்மரங்களை நட்டனர் என்பதும் அறியத்தக்கது. பழைய புல்வார்களில் எல்ம் மரமே மிகுந்திருந்தது. அல்ஃபானின் காலத்தில் பிளாத்தானும் மர்ரோனியேயும் பெருகின. லிண்டன், சீனத்திலிருந்து வந்த அய்லாந்து, பௌலோனியா ஆகியனவும் இடம்பெற்றன. பட்டை தகடு தகடாக உரிந்து, வெண்மையும் பச்சையும் கலந்த உடலோடு நிற்பது பிளாத்தான். வசந்தகாலத்தில் அதன் காய்களிலிருந்து பறக்கும் நுண்ணிய மயிர்களே எம்மிற் பலருக்குத் தும்மலைத் தருகின்றன. செப்ரெம்பரில் பிள்ளைகள் பொறுக்கிச் சட்டைப்பையில் நிரப்பும் மண்ணிறக் கொட்டைகள் மர்ரோனியேயினுடையவை. மாரியில் வீதியிற் சுட்டு விற்கும் உண்ணத்தக்க கொட்டை வேறு, இது வேறு. வீதியிற் பொறுக்கியதை உண்ணவேண்டாம் என்று பெற்றோர் சொல்லிவைப்பது நன்று.

ஓஸ்மான் பதவியிலிருந்த பதினாறு ஆண்டுகளில் வீதி மரங்களின் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. தொகையைக் காட்டிலும் எம்மைக் கவர்ந்தது, அல்ஃபான் அம்மரங்களுக்காக ஒரு நிலையான திணைக்களத்தையே நடத்தினார் என்பதுதான். நாற்றுமேடைகள், தண்ணீர் வார்ப்போர், கிளை தறிப்போர், பட்டுப்போனவற்றைக் கணக்கெடுத்து மரம் நடும் பருவத்தில் மாற்றி நடுவோர் என்று எல்லாவற்றுக்கும் ஆளும் பணமும் ஒதுக்கினார். ஒரு மரத்துக்கு என்ன செலவாகும், தட்டிக்கு என்ன செலவாகும் என்ற கணக்குகளையும் வரைபடங்களையும் சேர்த்து, பாரிஸின் உலாவிடங்கள் பற்றிய மாபெரும் நூலொன்றை 1867 முதல் 1873 வரை வெளியிட்டார். மரம் நடுவிழாக்கள் பலவற்றை நாம் பார்த்திருக்கின்றோம். நட்ட மறுநாள் தண்ணீர் வார்ப்பவர் யார் என்று குறித்துவைத்த விழாவைக் கண்டது அரிது.

இத்தனையையும் போற்றும் நாம், இந்நகரம் எவருக்காகக் கட்டப்பட்டது என்பதையும் மறைத்தல் ஆகாது. அகன்ற வீதிகளுக்காகப் பல்லாயிரம் வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே குடியிருந்த ஏழைத் தொழிலாளர்கள் வாடகை கொடுக்க இயலாது நகரின் கிழக்குக்கும் வடக்குக்கும் ஒதுங்கினர். அழகிய சோலைகள் பெரும்பாலும் செல்வர் வாழ்ந்த மேற்கிலே முதலில் எழுந்தன. மொன்சோ பூங்காவின் நிலத்திற் பாதி, மாளிகைகள் கட்டுவதற்காக வங்கிச் செல்வர்களுக்கு விற்கப்பட்டது. இடிக்கும் ஆணையைப் பிறப்பித்தவர் ஓஸ்மான். ஆயினும் அவருடைய வலக்கையாக நின்றவர் அல்ஃபான். வீடிழந்து வந்த எமக்கு இப்பகுதியை வாசிக்கையில் மனம் ஒப்பவில்லை.

எனினும் கிழக்கு முற்றாகக் கைவிடப்படவில்லை. 1860இல் சுற்றுப்புறக் கிராமங்கள் நகரத்துடன் இணைக்கப்பட்டு, பாரிஸ் இருபது வட்டாரங்கள் ஆயிற்று. புதிய பத்தொன்பதாம் வட்டாரத்தில், கண்ணாம்புக்கல் என்று எம்மவர் பிழையாகக் கூறும் ஜிப்சம் கல்லைத் தோண்டித் தோண்டிக் குதறப்பட்ட குன்று ஒன்று கிடந்தது. அதனருகே முற்காலத்திற் குற்றவாளிகளைத் தூக்கிலிட்டனர், பின்னர் நகரத்து மலக்கழிவைக் கொட்டினர். நாற்றம் தாங்காத அந்த இடத்தை 1864 முதல் அல்ஃபானின் குழுவினர் சீர்செய்தனர். மண்ணை வண்டி வண்டியாகக் கொணர்ந்து நிரப்பினர். கல்லகழ்ந்த பள்ளத்தை ஏரியாக்கினர், எஞ்சிய பாறையைத் தீவாக்கினர், குகைக்குள் நீரை விழச்செய்தனர். 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் நாள், உலகக் கண்காட்சி தொடங்கிய அதே நாளில், புய்த் ஷோமோன் பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எமது குடும்பங்கள் பல கோடையிற் சோற்றுப்பொதியுடன் செல்லும் பூங்கா இதுவே. அங்கே படிகளின் ஓரத்தில் மரக்கிளைகள் போலத் தோன்றும் கைப்பிடிகளைத் தொட்டுப் பாருங்கள். அவை மரமல்ல, சீமெந்து.

1870ஆம் ஆண்டு சனவரியில் ஓஸ்மான் பதவி நீக்கப்பட்டார். அதே ஆண்டின் நடுவிற் பிரசியாவுடன் போர் மூண்டது. பேரரசர் சிறைப்பட்டார், பேரரசு வீழ்ந்தது. செப்ரெம்பர் 19ஆம் நாள் பகைவர் படை பாரிஸைச் சுற்றி வளைத்தது. உணவும் விறகும் உள்ளே வரும் வழிகள் அடைபட்டன. நாலு மாதத்துக்கு மேலாக நீடித்த அம்முற்றுகையில் மக்கள் குதிரையை உண்டனர், எலியை உண்டனர். மிருகக்காட்சிச்சாலையின் இரு யானைகளும் இறைச்சிக்கடைக்கு வந்தன. அந்த மாரி கொடுங்குளிராக அமைந்தது.

பேரரசு விழுந்தபின்னும் அல்ஃபான் நகரத்தை விட்டு நீங்கவில்லை. தேசியக் காவற்படையின் பொறியியற் பிரிவுக்குக் கேணலாகி, அரண் அமைக்கும் வேலைகளை நடத்தினார். மதிலைச் சூழ்ந்த வெளியிற் பகைவன் ஒளிந்து வரக்கூடாது என்பதற்காக, புவா து புலோஞ் வனத்தில் மதிலை ஒட்டிய பகுதி வெட்டவெளியாக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளாக அவர் உருவாக்கிய சோலை அது. எஞ்சிய பகுதியில் முற்றுகைக்கென்று சேர்த்த ஆடுமாடுகள் அடைக்கப்பட்டு, அவை புல்லையும் இளமரப் பட்டையையும் தின்றன. நகரத்தினுள் குளிரில் விறைத்த மக்கள் வீதி மரங்களையும் இரவிலும் பகலிலும் வெட்டி அடுப்பெரித்தனர். வாங்குகளும் விறகாயின. அம்மக்களைக் குறைகூற எவருக்கு வாய் வரும்?

இவ்விடத்தில் எமது சொந்த நினைவு ஒன்றை அடக்க முடியவில்லை. போர்க்காலத்தில் வடக்கிலே பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்ட பனைகளுக்குக் கணக்கில்லை. எம் வளவின் எல்லையில் எம் பாட்டனார் காலத்துப் பனைகள் நின்றன. ஒருநாட் காலையில் நாமே கோடரி கொடுத்துவிட்டோம். பிள்ளைகளைக் குழிக்குள் இருத்த மேலே போடுவதற்குப் பனங்குற்றிகள் வேண்டியிருந்தன. பனை விழும் ஓசை வேறெந்த ஓசையும் போன்றதன்று. உயிர் காக்க மரத்தைக் கொடுக்க நேர்ந்தவர், அதனைப் பிறரிடம் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அல்ஃபான் அந்நாட்களில் என்ன நினைத்தார் என்று நாம் ஊகிக்கப் போவதில்லை. அவர் அதன்பின் செய்தது ஏட்டில் இருக்கிறது.

1871 சனவரி இறுதியில் முற்றுகை முடிந்தது. மார்ச்சில் பாரிஸ் கொம்யூன் எழுந்தது. மே மாத இறுதியில் உள்நாட்டுப் போரின் இரத்தத்தில் அது அழிக்கப்பட்டது. மாநகர மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று. அவ்வாண்டிலேயே அல்ஃபான் பாரிஸ் நகரின் அனைத்து வேலைகளுக்கும் பணிப்பாளராக நியமிக்கப்பட்டார். பேரரசின் ஆளாக இருந்தவரைக் குடியரசு ஏன் வைத்துக்கொண்டது? அவரளவு வேலை தெரிந்தவர் வேறெவரும் இலர் என்பதே காரணமாக இருத்தல் வேண்டும். புதிய திட்டம் எதையும் பறைசாற்றாமல், எரிந்த கட்டடங்களையும் பெயர்ந்த வீதிகளையும் சீர்செய்வித்தார். வெறுமையான கிடங்குகளுக்குத் திரும்பவும் மரங்கள் வந்தன. புவா து புலோஞ் வனத்தில் மீண்டும் நட்டனர். முன்பு முடிக்காது விட்ட மொன்சூரி பூங்கா 1878இல் நிறைவுற்றது. அதே ஆண்டு, குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பொறுப்பாயிருந்த பொறியியலாளர் பெல்கிரான் மறையவே, அப்பொறுப்பும் அல்ஃபானின் தோளில் ஏறியது. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது.

1889ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியை உலகம் ஐஃபில் கோபுரத்தின் பெயரால் நினைவிற் கொள்கிறது. அக்கண்காட்சியின் வேலைகள் அனைத்துக்கும் தலைமைப் பணிப்பாளர் அல்ஃபானே. கோபுரத்தின் காலடியிலே பூங்காவும் மரங்களும் இருக்கவேண்டும் என்பது அவர் பொறுப்பு. அதற்காக நாட்டின் மிகவுயர்ந்த விருதாகிய லெஜியோன் தொனர் பெருஞ்சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது. 1891 சனவரியில் ஓஸ்மான் காலமானபோது, நுண்கலைக் கழகத்தில் அவர் இருந்த ஆசனத்துக்கு அல்ஃபான் தெரிவு செய்யப்பட்டார். அதில் நெடுநாள் அமரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டு திசம்பர் 6ஆம் நாள், எழுபத்து நான்காம் வயதில், பதவியில் இருந்தபடியே உயிர்நீத்தார். பெர் லாஷேஸ் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஓய்வூதியம் பெறும் நாளை அவர் கண்டதேயில்லை.

அவரிடம் கற்றோரும் கண்டு சென்றோரும் அவர் முறையைத் தூர நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். நியூயோர்க் நகரின் சென்ரல் பூங்காவை வடிவமைத்த ஓம்ஸ்ரட் 1859இல் பாரிஸ் வந்து அல்ஃபானைச் சந்தித்தார். புய்த் ஷோமோனில் வேலை பார்த்த எதுவார் அந்திரேயிடம் பயின்ற ஷார்ல் தேய்ஸ் என்பவர் ஆர்ஜென்ரீனா சென்று, அல்ஃபான் இறந்த அதே 1891இல் புவனஸ் அயர்ஸ் நகரின் பூங்காக்களுக்குப் பணிப்பாளராகி, அந்நகர வீதிகளை மரங்களால் நிரப்பினார்.

அல்ஃபானுக்கான நினைவுச் சின்னம் 1899இல், அவரே அமைத்த அகன்ற வீதி ஒன்றில் எழுப்பப்பட்டது. இன்று அவ்வீதியின் பெயர் அவெனியூ ஃபோஷ். தலு என்னும் சிற்பி செதுக்கிய அச்சிலையில், அல்ஃபான் தனியே நிற்கவில்லை. உடன் உழைத்தோரும் அருகே நிற்கின்றனர்.

அவர் நட்ட மரங்களுட் பெரும்பாலானவை இன்று இல்லை. வீதியில் நிற்கும் மரத்தின் ஆயுள் காட்டு மரத்தினதைவிடக் குறுகியது. மாரியிற் பனியுருக்க இடும் உப்பும் அதனை மேலும் குறைக்கிறது. 1970களிற் பரவிய பூஞ்சண நோய் பாரிஸின் எல்ம் மரங்களை ஏறக்குறைய முற்றாக அழித்தது. தென்பிரான்சில் மிதி வாய்க்காலின் இருகரையிலும் நின்ற ஏறத்தாழ 42,000 பிளாத்தான்களில் 2006இல் மற்றொரு பூஞ்சண நோய் கண்டறியப்பட்டு, அவை ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டன. ஒரே இன மரத்தை வரிசையாக நடுவதில் உள்ள ஆபத்து இது. அல்ஃபானின் காலத்து அழகுணர்ச்சி அதனை எண்ணவில்லை. இப்போது மாநகரசபையினர் வெவ்வேறு இனங்களைக் கலந்து நடுகின்றனர். இருந்தும் பாரிஸ் வீதிகளில் இன்றும் ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்கள் நிற்கின்றன. ஒன்று பட்டால் மற்றொன்று அக்கிடங்கிலேயே வைக்கப்படுகின்றது.

மறுவாரம் வகுப்பில் இவ்வரலாற்றைக் கூறி முடித்தபின், மாணவர்களை வீதிக்கு அழைத்துச் சென்றோம். பாடசாலையிலிருந்து மெத்ரோ வாசல் வரையும் மரங்களை எண்ணச் சொன்னோம். முப்பத்தொன்று என்றனர் சிலர், முப்பத்திரண்டு என்றனர் சிலர். வேறுபாட்டுக்குக் காரணம் ஒரு சிறு மரம். அண்மையில் நட்டது, மூன்று கழிகளுக்கு நடுவே கட்டப்பட்டிருந்தது. அதனை மரமாக எண்ணுவதா இல்லையா என்று மாணவர்கள் வாதிட்டனர். அதன் அடியிலே மண்ணிலிருந்து ஒரு குழாய் முனை நீட்டிக்கொண்டிருந்தது. சுட்ட மண் குழாய் அன்று, இக்காலத்துப் பிளாஸ்டிக் குழாய். எனினும் வேருக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் வேலை ஒன்றே. முதலிற் கேள்வி கேட்ட மாணவி குனிந்து அதனுள் எட்டிப் பார்த்தாள். பின் தன் புத்தகப் பையைத் திறந்து, போத்தலில் மீதமிருந்த தண்ணீரை அக்குழாயினுள் ஊற்றினாள். எண்ணிக்கையை முப்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டோம்.